பிடியரிசியும் அறுபது பங்குகளும்

சனிக்கிழமை, வீடுகளில் உலை இறங்கிய பிறகு, சத்தியபாய் இரண்டு ஓலைக் கடவப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பனங்காட்டுவிளை கிறிஸ்தவ சபையில் அறுபத்தெட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு சின்ன மண்கலயம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். அது கோயிலுக்கு. வாரம் ஒருமுறை அந்தப் பிடியரிசியைக் கவிழ்த்து வாங்கி வருவது சத்தியபாயின் வேலை. யாரும் அவளை இதற்கென்று நியமிக்கவில்லை. முன்பு செய்துகொண்டிருந்தவள் விஷக்காய்ச்சல் வந்த வருஷம் போய்விட்டாள். அதே காய்ச்சலில் சத்தியபாயின் புருஷனும் போனார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை கடவத்தை எடுத்தாள். பிறகு கீழே வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஒரு கடவம்தான். ரோட்டோரம் நெல் அரைக்கும் மில் வந்த பிறகு இரண்டாயிற்று. அதற்குக் காரணம் தாணம்மாள். பஸ் நிற்கும் இடத்தில் காப்பிக்கடை வைத்திருந்த அவள்தான் பிடியரிசியை மொத்தமாக விலைக்கு எடுப்பவள். ஒருநாள் அவள் ஒரு சட்டிச் சோற்றைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தியபாயின் முன்னால் வைத்தாள்.

"பாத்துக்கோ. ஒரு பருக்க கொழயுது, ஒரு பருக்க கடிக்குது. மில்லரிசியும் ஒரலரிசியும் ஒண்ணா வேவுமா? ஒனக்க ஆண்டவருக்கு வேணும்னா ஒண்ணா வேவட்டு. எனக்க கடையில வேவாது."

அன்றிலிருந்து இரண்டு கடவம். வாசலில் நின்று கலயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடியை விரல்களுக்கு நடுவே உருட்டுவாள். உரலில் குத்திய அரிசி கையில் கொஞ்சம் தவிட்டை விட்டுவிட்டுத்தான் போகும். மில் அரிசி வழுக்கும், குருணை அதிகம். இருபது வருஷம் மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்ததில் சத்தியபாய்க்குக் கண் மங்கிவிட்டது. விரல்கள் மட்டும் கெடவில்லை. உருட்டிப் பார்த்து, மில்லரிசியை இடது கடவத்திலும் உரலரிசியை வலது கடவத்திலும் கொட்டுவாள். வீட்டுக்கு வந்து தனித்தனியே அளந்து, நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுவாள். வருஷக் கணக்கு முடிந்ததும், மாசியில் வரும் அறுவடை ஸ்தோத்திரப் பண்டிகையன்று எழுந்து நின்று மொத்தத்தை மட்டும் வாசிப்பாள். பத்திகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அரிசி விற்ற பணத்தில் நான்கு பேர் சாப்பிட்டார்கள். நான்கு பேரும் ஆள் துணை இல்லாத விதவைகள். மூத்தவள் பூங்கனி. முப்பது வருஷம் வேதப்புத்தகப் பையோடு ஊர் ஊராக நடந்து, கடைசியில் முழங்கால் மடங்காமல் படுத்தவள். சத்தியபாயும் விதவைதான். நீயும் ஒரு பங்கு வாங்கிக்கொள் என்று போதகர் ஐயர் ஒருமுறை சொன்னார். அளக்கிறவள் வாங்கினால் அளவு கோணும் என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னதல்ல. தன்னைத் தனக்குத் தெரியும் என்பதால் சொன்னது.

செழிப்பான வருஷங்களில் மிச்சம் விழுந்தது. அப்படிச் சேர்ந்த எழுநூற்று முப்பது ரூபாய் நாகர்கோவிலில் ஒரு பாங்கில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக்குப் பிறகு நெல் விலை பாதியாக விழுந்தது. அரிசி விலையும் கூடவே விழுந்தது. பல வீடுகளில் வாரத்தில் மூன்று நாள் அரிசிக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. மரச்சீனிக்குப் பிடி கிடையாது. விதவைகளுக்கு மொத்தத்தில் மாதம் ஐந்து ரூபாய் குறைந்தது. அதைச் சேமிப்பிலிருந்து எடுத்தார்கள்.

அப்படி எடுக்கத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆனபோதுதான், முப்பத்து மூன்றாம் வருஷத் தை மாதம், ஆபேல் ஒரு கோட்டுக்காரனை அழைத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்தான்.

ஆபேல் சத்தியபாயின் தம்பி. பத்து வயது இளையவன். மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவன். கோட்டுக்காரன் பெயர் செல்வதாஸ். தக்கலைக்குப் பக்கத்துப் பையன்தான், கோயம்புத்தூரில் மேகநாதம் எஞ்சின் ஒர்க்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியில் வேலை. ஆயில் எஞ்சின் செய்கிற கம்பெனி. இப்போது இரும்பு உருக்கும் புது உலை போடுவதற்காகப் பங்கு விற்கிறார்கள், பங்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய்.

"அறுபது பங்கு, அக்கா," என்றான் ஆபேல். "சபை அறுபது பங்கு எடுத்தா, வருசம் அறுபது ரூவா லாபம் வரும். முதலத் தொடாண்டாம். நாலு பேருக்கும் கொறயுத அஞ்சு ரூவா மாசாமாசம் கையில வந்துடும்."

"லாபம் வரல்லன்னா?"

"ரெண்டு வருசமா நூத்துக்குப் பத்து குடுத்திருக்கோம், அம்மா," என்றான் செல்வதாஸ். "இனி ரெண்டு மைலுக்கு ஒரு அரவை மில் வரப்போகுது. எல்லாத்துக்கும் எஞ்சின் வேணுமில்லியா?"

சத்தியபாய் தம்பியைப் பார்த்தாள். அவன் நகத்துக்குள் எப்போதும் இருக்கும் கரி அன்று இல்லை. தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

"ஒனக்கு இதுல என்ன கிட்டும்?"

அவன் மறைக்கவில்லை. தென்திருவிதாங்கூரில் கம்பெனி எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளம். இந்த வட்டாரத்தில் பங்கு விற்றுக் கொடுத்தால், செல்வதாஸ் அவன் பெயரைச் சொல்லுவான். மில்லில் அவனுக்குப் பதினான்கு ரூபாய். அதுவும் இரண்டு மாதமாகப் பாதிதான் வந்தது. வீட்டில் மனைவி ராகேலும் மூன்று பெண்பிள்ளைகளும்.

"நீ ஒண்ணும் செய்யாண்டாம், அக்கா. கமிட்டி கேட்டா, செரின்னு சொல்லு. அவ்வளவுதான்."

கமிட்டி என்றால் முக்கியமாக இரண்டு பேர். தலைவர் ஞானசிங் வாத்தியார், பென்ஷன் வாங்கியவர், எதையும் இரண்டு தடவை வாசிப்பவர். மற்றவர் கொப்பரை வியாபாரி ஜான்ரோஸ், எதையும் ஒரு தடவைகூட வாசிக்காதவர். செல்வதாஸ் தந்த கம்பெனிக் காகிதத்தை வாசித்துவிட்டு, விஷயத்தைத் தீர விசாரிக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். எப்படி விசாரிப்பது? கம்பெனி செய்வது எஞ்சின். அந்த எஞ்சின் ஒன்று நம்மூர் மில்லிலேயே, பழைய சீமை எஞ்சினுக்குப் பதிலாக, மூன்று வருஷமாக ஓடுகிறது. போய்ப் பார்ப்போம் என்றார் ஜான்ரோஸ். வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. ஐயரை ஒரு ஜெபம் செய்யச் சொல்லிவிட்டு எல்லோரும் மில்லுக்குப் போனார்கள். பிடியரிசிப் பணம் என்பதால் சத்தியபாயையும் அழைத்தார்கள்.

ஆபேல் எஞ்சினை ஓட்டிக் காட்டினான். அவன் சக்கரத்தைச் சுற்றிவிட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. நாலைந்து முறை இருமிவிட்டு எஞ்சின் நிதானத்துக்கு வந்ததும், மடியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து அதன் இரும்பு மேடையில் விளிம்பு ஊன்றி நேராக நிறுத்தினான். ரூபாய் விழவில்லை. எஞ்சின் ஓடியது, ரூபாய் நின்றது. ஜான்ரோஸ் குனிந்து பார்த்தார், வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"சீமை எஞ்சின்ல இப்பிடி நிக்குமா?" என்று கேட்டார் ஜான்ரோஸ்.

"நிக்காது. ஆடி விழுந்துடும்," என்றான் ஆபேல்.

"பின்ன என்ன வாத்தியாரே? இதுக்கு மேல என்னத்த வாசிக்கணும்?"

சத்தியபாய்க்கும் அந்த எஞ்சின் பிடித்திருந்தது. நல்ல பொருளைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அவள் பின்னிய லேஸைக் கையில் எடுத்துப் பார்த்து நல்ல வேலை என்று சொன்ன துரைசானிமார் எத்தனையோ பேர். பிறகு சீமையில் பெண்கள் லேஸ் வைத்த துணி உடுத்துவதை விட்டார்கள். வேலை அப்படியேதான் நல்ல வேலையாக இருந்தது. வாங்க ஆளில்லை. இதை அங்கே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வெயிலில் வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்து கூடவே நடந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தாள். எழுத்துத் தெரியவில்லை. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். ஏழு வருஷத்துப் பத்திகள். மில் வந்த புதிதில் இடது பத்தி கொஞ்சம்தான். பிறகு ஏறி ஏறி இருபத்தொன்பதில் மில்லரிசி நூற்று முப்பத்தாறு பறை, உரலரிசி எண்பத்தொன்பது. அங்கிருந்து இறக்கம். போன வருஷம் மில்லரிசி நாற்பத்தொன்று, உரலரிசி நூற்று முப்பத்தெட்டு. வாராவாரம் தன் கையாலேயே அளந்ததுதான். ஆனால் வாராவாரம் அளக்கிறவர்களுக்குச் சரிவு தெரிவதில்லை.

ரெண்டு மைலுக்கு ஒரு மில் என்றான் கோட்டுக்காரன். இருக்கிற மில்லையே ஜனங்கள் விட்டுவிட்டு உரலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்களே.

அதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை கடவத்தோடு போனபோது வீட்டுக்கு வீடு கேட்டாள். நான்காவது வீட்டில் பேபி என்கிற இளம்பெண், உரல் பக்கத்தில் உலக்கையைச் சாத்திவிட்டு, கலயத்தை நீட்டினாள். கையை விட்டாள் சத்தியபாய். தவிடு ஒட்டியது.

"ஏட்டி பேபி, மில்லுக்குப் போறத விட்டுட்டியா?"

"வாரம் ஒருக்க போவேன், பெரியம்ம. அவருக்கு வெள்ளச் சோறு வேணும். கலயத்துல ஒரலரிசிதான் போடுவேன்."

"அது ஏன்?"

"கோயிலுக்குக் குடுக்கது எனக்க கையால குத்தினதா இருக்கட்டேன்னுதான்." பேபி சிரித்தாள். "வெள்ளயா தின்னு பழகி ஆண்டவரும் எனக்க மாப்பிள மாதிரி ஆயிட்டாருன்னா என்ன செய்ய?"

சத்தியபாய் சிரிக்கவில்லை. அவளுக்குச் சோர்வாக இருந்தது. கலயத்தில் விழும் பிடிதான் சோற்றில் விழும் பிடி என்றல்லவா அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்? கோயிலுக்கு ஒன்றும் புருஷனுக்கு ஒன்றும் என்றால், இந்த நோட்டு எதைச் சொல்கிறது? அன்று அறுபத்தெட்டு வீட்டிலும் கேட்டாள். பேபியைப் போல் செய்பவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் சொன்னது ஒன்றேதான். அரவைக் கூலிக்குச் சக்கரக்காசு இல்லை. கையிலே வேலை இல்லை, கைக்குச் சம்பளம் இல்லை, அதனால் கை உலக்கையைப் பிடிக்கிறது. சிலர் சொல்லாமல் கலயத்தை மட்டும் நீட்டினார்கள். ஏழு வீட்டைக் கழித்துப் பார்த்தாலும் இறக்கம் இறக்கம்தான். ஆனால் முதலில் இருந்த உறுதி போய்விட்டது. அறிந்தது எவ்வளவு, அறிந்ததாக நினைத்தது எவ்வளவு என்று பிரித்துப் போட அவளிடம் கடவம் இல்லை.

திங்கட்கிழமை நண்பகலில் மில்லுக்குப் போனாள். சத்தம் இல்லை. வாசலில் நெல் மூட்டை இல்லை. உள்ளே ஆபேல் துணியில் எண்ணெய் தொட்டு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது பளபளவென்று இருந்தது. கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"வா அக்கா. இரி."

"ஏலே, போன மாசம் எத்தன நாள் ஓட்டின?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"என்னத்துக்குக் கேக்குத?"

"சொல்லு."

"ஒம்பது நாள்."

"மூணு வருசத்துக்கு முந்தி?"

"ஞாயித்துக்கிழம தவிர எல்லா நாளும்." துணியை வாளிக்குள் போட்டான். "கல்லால அடிக்க மாதிரி என்னத்துக்குப் பாக்குத? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒனக்கு நோட்டப் பாத்துத்தான் தெரியும். எனக்குக் கையில தெரியும். வாரத்துக்கு ரெண்டு டின் எண்ணெய் செலவான எஞ்சின், இப்ப மாசத்துக்கு ரெண்டு டின்."

"பின்ன எப்பிடிடே சபைக்க பணத்த இதுல போடச் சொல்லுத?"

"எஞ்சின் நல்ல எஞ்சின், அக்கா. அதுல நான் பொய் சொல்லல்ல."

"நான் எஞ்சினக் கேக்கல்ல."

அவன் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பிறகு குரலை இறக்கிப் பேசினான். மில் முதலாளி பங்குனியோடு பூட்டப் போகிறார். அதற்குப் பிறகு பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டும். மலைக்காய்ச்சல் அங்கே யாரையும் இரண்டாவது வருஷம் பார்க்க விடுவதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு எஞ்சின் தவிர வேறொன்றும் தெரியாது.

"நீ பொய் சொல்லாண்டாம். மொத்தத்த வாசிக்க மாதிரி வாசிச்சிட்டு இருந்துடு. இத்தன வருசமும் அப்பிடித்தான வாசிச்ச? இந்த வருசமும் அதேதான். வேற ஒண்ணும் கேக்கல்ல."

அவன் கேட்டது சின்ன விஷயம். அதனால்தான் அது அவ்வளவு கனத்தது. பெரிய பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போயிருப்பாள். இது ஏழு வருஷமாகத் தானே செய்துவந்த ஒரு வழக்கம். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பூங்கனியின் குடிசை. பூங்கனி படுத்தபடியே கேட்டாள்.

"சத்தியபாயே, என்னமோ பங்கு வாங்கப் போறாங்களாமே. அதுல எனக்கும் உண்டா?"

"ஒனக்கப் பணந்தான், அக்கா. ஒனக்கும் இன்னும் மூணு பேருக்கும்."

"அப்ப ஒரு எஞ்சின்ல நானும் ஒரு ஆணியா?" என்றாள் பூங்கனி. சிரிப்பு இருமலாயிற்று. "நடக்க முடியாதவளுக்கு அதாவது ஓடட்டு."

மாசி மாதக் கடைசி ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. ஆல்டருக்கு முன்னால் வாழைக்குலையும் பூசணியும் நெற்கதிரும் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். ஜான்ரோஸ் எழுந்து பங்கு விஷயத்தைச் சொன்னார். ரூபாய் விளிம்பில் நின்றதை இரண்டு தடவை சொன்னார். செல்வதாஸ் முன்வரிசையில் கோட்டோடு இருந்தான். ஆபேல் கடைசி வரிசையில் சுவரோரம்.

"பிடியரிசிக் கணக்கு வாசிச்சிட்டு, கை தூக்கச் சொல்லலாம்," என்றார் ஞானசிங் வாத்தியார்.

சத்தியபாய் எழுந்தாள். நோட்டைத் திறந்து கண்ணருகே கொண்டுபோனாள். வாசிக்க வேண்டிய தேவையில்லை, மனதில் இருந்தது. ஆனாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தொம்பதாம் வருசம், மில்லரிசி நூத்திமுப்பத்தாறு பறை. ஒரலரிசி எம்பத்தொம்பது பறை."

"இந்த வருசத்தச் சொன்னா போரும்," என்றார் ஜான்ரோஸ்.

"முப்பது. மில்லரிசி நூத்திருவத்தெட்டு. ஒரலரிசி தொண்ணூத்தெட்டு."

ஜான்ரோஸ் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு வருஷமாக வாசித்தாள். குரலை ஏற்றவில்லை. போன வருஷத்தை வாசித்து முடித்துவிட்டு, "இதுல ஏழு வீடு கோயிலுக்குன்னு தனியா ஒரலரிசி போடுதாங்க. அதக் கழிச்சுப் பாக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்று சொல்லி உட்கார்ந்தாள். கடைசி வரிசையை அவள் பார்க்கவில்லை.

"இதுக்கும் எஞ்சினுக்கும் என்ன பந்தம்?" என்றார் ஜான்ரோஸ். "அரிசியத் தடவிப் பாத்து கம்பெனி நடக்குமா நடக்காதான்னு சொல்ல முடியுமா? வேணும்னா கைரேகையும் பாக்கச் சொல்லுங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் தனக்கே உரிய நிதானத்தில் தலையைத் திருப்பினார்.

"ஆபேல். நம்ம மில்லு போன மாசம் எத்தன நாள் ஓடிச்சு?"

ஆபேல் எழுந்தான். இருபது நாள் என்றிருக்கலாம், மில்லுக்கு யாரும் போய் எண்ணப் போவதில்லை. அவன் முன்வரிசையில் இருந்த கோட்டைப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கத்தில் அக்காளின் முதுகைப் பார்த்தான்.

"ஒம்பது நாள், வாத்தியாரே."

"எஞ்சின் கேடா?"

"எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல. நெல்லு வரல்ல."

கை தூக்கச் சொன்னபோது ஜான்ரோஸும் இன்னும் எட்டுப் பேரும் தூக்கினார்கள். பணம் பாங்கிலேயே இருந்தது. வெளியே வந்தபோது செல்வதாஸ் யாரிடமும் கோபப்படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனான். ஆபேல் அக்காளுக்காக நிற்கவில்லை. வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். அக்காள் பேசியதால் போயிற்றா, தான் பேசியதால் போயிற்றா என்று அவன் எந்நாளும் கேட்டதில்லை. சத்தியபாய் தனக்குள் கேட்டுக்கொண்டாள். பதில் வாரத்துக்கு வாரம் மாறியது.

பங்குனியில் மில் பூட்டியது. ஆபேல் மலைக்குப் போகவில்லை. கோயம்புத்தூருக்குப் போனான். கம்பெனி வாசலில் இரண்டு மாதம் நின்று, சம்பளக்காரனாக அல்ல, நாள்கூலியாக உள்ளே போனான் என்று கேள்வி. ராகேல் ஒரு வருஷம் நாத்தனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சனிக்கிழமைகளில் கலயத்தை மட்டும் வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சத்தியபாய் கையை விட்டுப் பார்ப்பாள். உரலரிசி. குத்தினது ராகேலின் கை. வலது கடவத்தில் கொட்டிவிட்டுப் போவாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் கம்பெனி லாபம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று பேச்சு வந்தது. ஜான்ரோஸ்கூட, "ஒனக்க கைரேகை பலிச்சிருக்கு, சத்தியபாயே," என்றார். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. முப்பத்தைந்தில் பூங்கனி போனாள். கடைசி மாதம் வரை அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. சேமிப்பு அதனால் கொஞ்சம் குறைந்திருந்தது.

முப்பத்தாறில் ஆபேலிடமிருந்து முதல் கடிதம் வந்தது. அக்காளுக்கு எழுதியிருந்தான். சத்தியபாய் அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் வாசித்தார்.

"அக்காளுக்கு ஆபேல் எழுதுவது. சுகம். இப்போது கம்பெனியில் எனக்கு நிரந்தர வேலை. கிராமங்களுக்குப் போய் எஞ்சின் பொருத்துகிறேன். இங்கே நெல் கிடையாது. நான் நெல்லைக் கண்டு எட்டு மாதமாகிறது. எல்லாம் கிணறு. அறுபது அடி, எண்பது அடி ஆழம். மாட்டைப் பூட்டி இறைத்த கிணறுகளில் நம் எஞ்சின் வெள்ளம் இறைக்கிறது. பருத்தி, புகையிலை. மாதத்துக்கு நாற்பது எஞ்சின் போகிறது. இந்த வருஷம் நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம் கொடுத்தார்கள். பத்து ரூபாய்ப் பங்கு பதினேழுக்கு விற்கிறது. இதைக் குத்திக் காட்ட எழுதவில்லை. எனக்கும் அன்று தெரியாது. எஞ்சின் என்றால் நெல் அரைக்கத்தான் என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு செல்வதாஸ் தந்த காயிதத்துல கிணத்துக் கணக்கும் இருந்திருக்கும்," என்றார். "நான் ரெண்டு தடவ வாசிச்சேன். அரவை மில்லுங்கிற எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசிச்சிருக்கேன்."

"இத நீங்க சபையில சொல்லணும், வாத்தியாரே."

"என்னத்துக்கு? மூணு வருசம் கம்பெனி ஒண்ணும் குடுக்கல்ல. நாம போட்டிருந்தா பூங்கனிக்கு யாரு குடுத்திருப்பா? நீ செய்தது தப்பில்ல."

"தப்புன்னு நான் சொல்லல்ல. எனக்க நோட்டுல கிணறு இல்ல. அது அவங்களுக்குத் தெரியணும். இல்லன்னா நாளைக்கும் எனக்க கையத்தான் பாப்பாங்க."

அவர் கடிதத்தை மடித்துத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு அவர் கடிதத்தை வாசித்தார். ஜான்ரோஸ், "இப்பம் பதினேழுக்கு வாங்குவமா?" என்று சத்தியபாயைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் தெரியாது என்றாள். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் தெரியாது என்றாள். அன்றைக்கு யாரும் கை தூக்கவில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது.

கடிதத்தின் கடைசி வரிகளை வாத்தியார் சபையில் வாசிக்கவில்லை. அது குடும்பக் காரியம் என்று விட்டுவிட்டார். ஆபேல் எழுதியிருந்தான்: "இங்கே நான் சாப்பிடுவது சோளம். பொங்கும்போது ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். பிறகு, அக்காள் இதை எந்தக் கடவத்தில் போடுவாள் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஒரு ரூபாய் மணியார்டர் அனுப்புகிறேன்."

ரூபாய் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. சத்தியபாய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் இருந்தாள். இரண்டு பத்தி. மூன்றாவதாக ஒரு கோடு போடலாம் என்று பென்சிலை எடுத்தாள். தாளில் இடம் இல்லை. முதல் வருஷத்திலிருந்தே இரண்டு பத்திக்கு என்று அளந்து கோடு போட்ட நோட்டு. ரூபாயைத் தாளின் நடுவில் வைத்து நோட்டை மூடினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. வீடுகளில் உலை இறங்கியிருக்கும். கடவங்களை எடுத்துக்கொண்டு, முதலில் ராகேல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.